சேத்தியாத்தோப்புக்காரரின் கோப்பை

என் மகள் இன்னொருவரை அத்தா என்று கூப்பிட்டதை முதல் தடவை கேட்டபோது நான் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் போனில் பேசிக்கொண்டே செருப்பு மாட்டினாள்.

"அத்தா, நீங்க பழைய டம்ளர்லயே குடிங்க. எதையும் மாத்தாதீங்க. செவ்வாக்கெழம நான் வந்து பாக்கணும்."

எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. முஸ்லிம் வீடுகளில் பிள்ளைகள் அப்பாவைக் கூப்பிடுவது அப்படி. "யாரு அது?" என்றேன்.

"சேத்தியாத்தோப்புல ஜவுளிக்கடை வச்சிருக்கிறாரு. நம்ம ட்ரெய்னிங்குல நான் எடுத்திருக்கிற ஆளு. அவரு பசங்க எல்லாம் துபாயில. என்னயும் அப்பிடியே கூப்புட சொல்லிட்டாரு."

அவள் விருத்தாசலத்திலேயே பீங்கான் தொழில்நுட்பம் படிக்கிறாள். இந்த வருஷம் மருத்துவக் கருவிகள் செய்வதற்கென்று ஒரு பயிற்சி வந்தது. படிக்கிற பிள்ளைகளும் வேலையில் இருப்பவர்களும் ஒன்றாக உட்கார வேண்டும். அவள் குழுவில் வேப்பூரில் பிசியோதெரபி பார்க்கிற ஒரு பெண்ணும், மருத்துவமனை இயந்திரங்களைப் பழுது பார்க்கிற ஒரு இளைஞரும் இருந்தார்கள். மூவருமாக உடம்பில் ஏதோ ஒன்று முடியாத ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் வீட்டில் பல நாள் உட்கார்ந்து பார்த்து, அவருக்கு உதவுகிற ஒரு பொருளைச் செய்ய வேண்டும். சொந்த வீட்டு ஆளை எடுக்கக் கூடாது என்பது விதி. இவர்கள் எடுத்தது கை நடுக்கம்.

அதைச் சொன்னபோது என் கை மேசைக்கு அடியில் இருந்தது.

எனக்கும் அதே நடுக்கம்தான். சும்மா வைத்திருந்தால் இரண்டு கையும் அமைதியாக இருக்கும். எதையாவது தூக்கினால் ஆடும். புதுச்சேரியில் பார்த்த டாக்டர், பயப்படுகிற வியாதி இல்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். பயம் வியாதியைப் பற்றி இல்லை. ஆசிரியர் அறையில் ஒரு காலை டீ தளும்பியபோது பக்கத்து நாற்காலிக்காரர், "இன்னா ஸார், வெடிஞ்சதுமேவா?" என்று கட்டை விரலை வாயருகே காட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கை ஆடுகிறவன் குடிகாரன் என்பதுதான் எங்கள் ஊர் வைத்தியம். பீடி கூடப் பிடிக்காதவன் நான். அன்றிலிருந்து யார் டீ நீட்டினாலும் "ஆறட்டும்" என்பேன். எல்லோரும் போன பிறகு, மனைவி டம்ளரின் அடியைப் பிடித்துக்கொள்ளக் குடிப்பேன். கரும்பலகையில் மணிக்கட்டை அழுத்திக்கொண்டால் எழுத்து வந்துவிடும். ஒரு காலத்தில் காம்பஸ் இல்லாமல் போட்ட வட்டம் இப்போது வராது. அதற்குப் பிள்ளைகளைக் கூப்பிடுவேன்.

மகளுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதே நான்தான். அப்படியிருந்தும், அவள் வேறொருவரின் கையை அத்தனை அக்கறையாகப் பார்க்கப் போனது எனக்குத் தாங்கவில்லை.

பேச்செல்லாம் அவரைப் பற்றித்தான். அத்தா டீயை லுங்கியில் கொட்டிக்கொண்டு, "பாரும்மா, லுங்கிக்குத்தான் இன்னிக்கி தாகம்" என்றாராம். அத்தா வீட்டு நோன்புக் கஞ்சி மாதிரி எங்குமே கிடையாதாம். பஸ் ஏறிவிட்டாளா என்று கவலையோடு போன் செய்தால், "அத்தா ஏத்திவுட்டாருப்பா, கண்டக்டர்கிட்ட சொல்லியும் வுட்டாரு" என்பாள். நான் செய்ய வேண்டிய கவலையையும் அவரே செய்துவிடுகிறார்.

"அந்த ஆளு கடையை யாரு பாத்துக்கறாங்க?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"உங்களுக்கு ஏன் வவுறு எரியுது? நீங்க கையைக் காட்டியிருந்தா ஒங்களயே பாத்திருப்பா."

"வீட்டு ஆளை எடுக்கக் கூடாதாம்."

"வூட்டு ஆளை பாக்கக்கூட கூடாதுன்னா சொன்னாங்க?"

எழுந்து போய்விட்டேன்.

ஒருநாள் சூளையில் கொஞ்சம் கோணிப்போன ஒரு கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அடி கனம், வாய் உள்பக்கமாக மடங்கியிருந்தது, பிடிக்க இரண்டு பக்கமும் காது. கனமாக இருந்தால் கை ஆடுவது குறையும் என்று பிசியோதெரபிக்காரப் பெண் சொன்னாளாம். மகள் குளிக்கப் போனதும் அதில் டீயை ஊற்றி, கதவைச் சாத்திக்கொண்டு தூக்கினேன். காது என் விரலுக்குப் பெரிது. அப்படியும் உதடு வரைக்கும் வந்தது. யாரும் அடியைப் பிடிக்காமல் மூன்று மடக்கு குடித்தேன். கழுவித் துடைத்து அதே இடத்தில் வைத்தேன். மறுநாள் அதைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இங்கயே இருக்கட்டுமே," என்றேன்.

"இது எதுக்குப்பா ஒங்களுக்கு? அத்தாகிட்ட காட்டணும்."

அன்று வகுப்பில் ஒரு பையனைக் காரணமில்லாமல் திட்டினேன்.

பயிற்சியின் கடைசி நாளுக்குப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். ஒவ்வொரு குழுவாக மேடைக்குப் போனது. சேத்தியாத்தோப்புக்காரர் வெள்ளைச் சட்டையில் அத்தர் மணக்க வந்திருந்தார். நிறையப் பேர் முன்னால், கை வெடவெடவென்று ஆட, அந்தக் கோப்பையைத் தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் முழுதும் குடித்துவிட்டுக் கவிழ்த்துக் காட்டினார். கைதட்டல். என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் தட்டினேன், மெதுவாக.

கோப்பையோடு இறங்கி வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஸார்தானா அப்பா? ஒங்கமேல எனக்கு ரொம்ப நாளா பொறாமை ஸார்."

"என்மேலயா?"

"காம்பஸ் இல்லாம போர்டுல வட்டம் போடுவீங்களாம். எங்க அப்பா கை அப்பிடி இருக்கும், இப்பிடி இருக்கும்னு ஒங்க பொண்ணு வாய் ஓயாம சொல்லுது. அந்தக் கை எனக்கு இருந்தா நான் ஏன் துணிய கிழிக்கிறப்ப கோணலா கிழிக்கிறேன்?"

அந்த நேரம் பார்த்து டீ வந்தது. வழக்கமான சின்னக் கப்பும் சாசரும். மகள் எதிரே குழுவினரோடு வந்து நின்றாள். "குடிங்கப்பா."

"ஆறட்டும்," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தொடைக்கு நடுவில் இறுக்கி வைத்திருந்த என் கைகளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "ஸார், ஒங்களுக்குமா?" என்றார். அவர் என் டீயைத் தன் கோப்பையில் ஊற்றினார். பாதி சாசரில் போனது. கோப்பையை என் முன்னால் தள்ளினார்.

மகள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இன்னொரு தடவை ஆறட்டும் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். இத்தனை நாளும் நம்பினாளே.

தூக்கினேன். ஆடியது. பெரிய காதுக்குள் விரல் நழுவி, சட்டையில் கொட்டியது. மிச்சத்தைக் குடித்தேன்.

"எப்பலேர்ந்துப்பா?" என்றாள். அழவில்லை. குனிந்து என் மணிக்கட்டையே பார்த்தாள். அவரை இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு மட்டுந்தான் தெரியாதா?" அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. அந்தக் குரல் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

கோப்பையை ஊருக்கெல்லாம் பயன்படுகிற மாதிரி செய்யப் பயிற்சி நடத்தியவர்கள் சொல்லியிருப்பதால் குழு இன்னும் கலையவில்லை. வீட்டு ஆளை எடுக்கக் கூடாது என்ற விதியும் மாறவில்லை. வேப்பூர்ப் பெண்தான் என்னைப் பார்க்க வருகிறாள். நான் டீ குடிப்பதை எதிரே உட்கார்ந்து கவனிக்கிறாள், என் மகள் சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். எனக்கென்று சின்னக் காது வைத்த கோப்பை சூளைக்குப் போயிருக்கிறது.

செவ்வாய்க்கிழமைகளில் அவள் இன்னும் சேத்தியாத்தோப்புக்குப் போகிறாள். எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. போன வாரம் அங்கிருந்து கூப்பிட்டாள்.

"டீ குடிச்சீங்களாப்பா?"

"குடிச்சேன். பாதி சட்டையில."

அவள் சிரித்தாள். இன்னும் கொஞ்சம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் போனை வாங்கிவிட்டார்.