மாட்டைக் காணோம் சார்!

‘சார், மாட்டைக் காணோம். இன்னிக்கு வர லேட்டாகும்.’

போன திங்கட்கிழமை, நான் இன்னும் காபிகூடக் குடிக்காத நேரத்தில், எங்கள் ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்த மெசேஜ் இது. அனுப்பியவர் மகேஸ்வரி. எங்கள் ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன்.

நான் அந்த லேபுக்கு மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஊசி குத்தத் தெரியாது. ரிப்போர்ட் படிக்கத் தெரியாது. லேட்டாக வருகிறவர்கள் சொல்லும் காரணங்களை உட்கார்ந்து கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டாமா? அதற்குத்தான் சம்பளம்.

மற்ற ஆபீஸ்களில் ஒருவர் லேட்டாக வந்தால் ஃபைல் காத்திருக்கும். ஃபைலுக்குப் பசிக்காது. எங்களிடம் காத்திருப்பவர்கள், சாப்பிடாமல் சுகர் டெஸ்ட் எடுக்க விடியற்காலையிலேயே வந்து உட்கார்ந்திருப்பவர்கள். எதிர் டீக்கடையில் வடை வேகும் வாசனை வேறு. அந்த நேரத்தில் ‘டெக்னீஷியன் இன்னும் வரலைங்க’ என்று சொல்லிப் பாருங்கள். என் ரத்தத்தையே எடுத்துவிடுவார்கள்... ஊசி இல்லாமல்.

அதனால் காரணங்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். அனுபவம் அப்படி.

எங்கள் ராஜேந்திரன் இருக்கிறாரே — ஆஸ்பத்திரிகளில் இருந்து ரத்த சாம்பிள்களை பைக்கில் வாங்கி வருபவர் — ஒருநாள் மத்தியானம்தான் வந்தார். வண்டிக்குள் பாம்பு புகுந்துவிட்டதாம். சரி, நம் ஊரில் நடக்கக்கூடியதுதான். விட்டுவிட்டேன். அடுத்த மாதம் மறுபடியும் லேட். மறுபடியும் பாம்பு.

“அதே பாம்பா ராஜேந்திரன்?”

கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: “அது மாதிரிதான் சார் இருந்துச்சு. மூஞ்சியைச் சரியாப் பார்க்கலை.”

ரிசப்ஷனில் இருக்கும் ஜெனி, ஆவூரில் இருந்து பஸ்ஸில் வருபவர். ஒருநாள் லேட்டாக வந்து, “எங்க பஸ்ஸே வரலை சார்” என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஏனென்றால் அந்த பஸ்ஸின் கண்டக்டர், சுகர் டெஸ்டுக்காக எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்!

“இந்தா இருக்காருல்ல ஒங்க கண்டக்டர்... கேட்போமா?”

ஜெனி அவரை ஒரு பார்வை பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“அவரு இங்க உக்காந்துருந்தா பஸ் எப்படி சார் வரும்?”

காத்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பசியோடு இருப்பவர்களையே சிரிக்க வைக்கும் அளவுக்கு அசிங்கப்பட்ட மேனேஜர் நானாகத்தான் இருப்பேன்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? எனக்கு அறந்தாங்கியில் ஒரு தாய்மாமா இருக்கிறார். எனக்கு லீவு தேவைப்படும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு வலிக்கும். லேப் முதலாளியான டாக்டர் திருச்சியில் இருக்கிறார். ‘மாமா எப்படி இருக்கார்?’ என்று அக்கறையாக விசாரிப்பார். ‘பரவாயில்லை டாக்டர், தேறிட்டார்’ என்பேன். மாமா தேறித்தான் இருந்தார். நான் சொல்லும் ஒவ்வொரு முறையும், கறிக்கடையில் நின்று நெஞ்செலும்பு கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆக, மாட்டைக் காணோம் என்று மகேஸ்வரி அனுப்பியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் மாவட்டத்தில் தை பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்காவது ஜல்லிக்கட்டு இருக்கும். மூக்கணாங்கயிற்றை அறுத்துவிட்டுத்தான் காளையை அவிழ்ப்பார்கள். அது களத்தைத் தாண்டி ஓடிவரும்போது, அங்கிட்டு சொந்தக்காரர்கள் கயிற்றோடு நின்று பிடிக்க வேண்டும். சில காளைகள் கூட்டத்தையும் விசிலையும் பார்த்து மிரண்டு, அவர்களையும் தாண்டிப் போய்விடும். அப்புறம் தைலமரக் காடு, கண்மாய், கருவேலம் புதர் என்று தேட வேண்டியதுதான். திங்கட்கிழமை காலையில் ‘மாட்டைக் காணோம்’ என்று ஆபீஸுக்குப் போன் போட ஒரு கூட்டமே இருக்கிறது. மாடே இல்லாதவனுக்கும் மாடு காணாமல் போகும். காரணங்களில் இது சீசன் ஐட்டம்.

நான் குரூப்பில் பதில் போட்டேன். ‘காணாமல் போன மாட்டின் போட்டோ அனுப்பவும். கிடைத்துவிட்டால் அதற்கும் போட்டோ ஆதாரம் வேண்டும்.’ கூடவே, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் பொம்மைகள் மூன்று. ஜெனி ஐந்து போட்டார். ராஜேந்திரன் ஒரு மாட்டு ஸ்டிக்கரே போட்டார்.

மகேஸ்வரி ஒன்றும் போடவில்லை.

அவர் வந்து சேர்ந்தபோது பாதி பேர் என்னைத் திட்டிவிட்டு எழுந்து போயிருந்தார்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முள் கிழித்த கோடுகள். நான் விடுவேனா?

“என்ன மகேஸ்வரி, மாடு எங்க போறேன்னு சொல்லிட்டுப் போகலையா?”

அவர் சிரிக்கவில்லை. “கிடைக்கலை சார். நாளைக்கு ஒருநாள் லீவு வேணும் சார்.”

“வீட்டுல ஆம்பளைங்க யாரும் தேடலையா?”

“எங்க அண்ணன், பங்காளிங்க எல்லாம் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. அவுங்களைப் பார்த்தா மணி இன்னும் தூரமா ஓடுது சார். எங் கொரலுக்குத்தான் நிக்கும்.”

“மணி யாரு?”

“மாடு சார்.”

குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. கணவர் சவுதியில் டிரைவர். அவர் கிளம்பும்போது கன்றாக இருந்தது மணி. தீவனம் வைப்பது, குளிப்பாட்டுவது, சாயங்காலம் நடக்கக் கூட்டிப்போவது எல்லாம் மகேஸ்வரிதான். வேறு யார் தண்ணீர் காட்டினாலும் முட்ட வருமாம். “நேத்து மத்தியானத்துல இருந்து தண்ணி குடிக்கலை சார் அது” என்றார். காட்டில் இருக்கும் மாட்டைப் பற்றி, பக்கத்து அறையில் இருக்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்கு அப்போதும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. கேட்டுத்தான் பார்ப்போம் என்று டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“மாட்டைக் காணோமா? இதை எந்த லீவுல சேர்க்கிறது? வந்தா சம்பளம், வராட்டி சம்பளம் கட். அவ்வளவுதான். இன்னொரு டெக்னீஷியனும் இல்லாம எப்படி விடுறது?”

அதுவும் உண்மை. எங்கள் இன்னொரு டெக்னீஷியன் பிரசவத்துக்குப் போயிருந்தார். யாராலும் சந்தேகப்பட முடியாத லீவு அது ஒன்றுதான்.

மகேஸ்வரியிடம் வந்து, ஏதோ பெரிய சலுகை கொடுப்பவன்போலச் சொன்னேன். “நாளைக்குக் காலையில வந்து சாம்பிளை மட்டும் எடுத்துக் கொடுத்துட்டு, மத்தியானம் போய்த் தேடுங்கம்மா. மாடு எங்க போயிடப் போகுது?”

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். எங்கள் லேபுக்குக் கூட்டம் வருவதே மகேஸ்வரியின் கைக்காகத்தான். ஊசி குத்தியதே தெரியாது. வேறு யாராவது உள்ளே இருந்தால், ‘அந்தப் புள்ள இல்லையா? அப்ப நாளைக்கு வாரோம்’ என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அன்றைக்கு ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை குத்தியும் கிடைக்கவில்லை.

“என்னம்மா, இன்னிக்கு ரெண்டு தடவை குத்துற?”

“ஒண்ணுமில்லைங்கய்யா. அடுத்த கையைக் காட்டுங்க.”

மத்தியானம், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை காலை குரூப்பில் மெசேஜ். ‘மாடு கிடைச்சிருச்சு சார். இன்னிக்கு வர முடியாது.’

கீழே ஒரு போட்டோ, திறக்காமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. அது திறப்பதற்குள் ராஜேந்திரன் கைதட்டும் படத்தைப் போட்டுவிட்டார். நானும் ஒரு கட்டைவிரலை உயர்த்தத்தான் போனேன்.

போட்டோ திறந்தது.

கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு மொட்டைக் கிணறு. அடியில் கலங்கிய தண்ணீர். தண்ணீருக்கு மேலே ஒரு திமிலும், ஒரு கொம்பும். மேலிருந்து தீயணைப்புக்காரர்களின் கயிறு இறங்கிக்கொண்டிருந்தது.

நான் கேட்ட ஆதாரம்.

ராஜேந்திரனின் கைதட்டல் இருந்த இடத்தில், ‘இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது’ என்று வந்தது.

ஜெனியைக் கூப்பிட்டு, வருகிறவர்களை எல்லாம் பக்கத்துத் தெரு லேபுக்கு அனுப்பச் சொன்னேன். இவ்வளவு சுலபமான வேலை. முந்தின நாளே செய்திருக்கலாம். முந்தின நாள் தோன்றவில்லை.

அடுத்து, டாக்டரிடம் லீவு கேட்க வேண்டும். என்னவென்று கேட்பது? ‘எங்கள் டெக்னீஷியனின் மாடு இறந்துவிட்டது, துக்கத்துக்குப் போகிறேன்’ என்று டைப் செய்தேன். படித்துப் பார்த்தேன். திங்கட்கிழமை அவர் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. அழித்தேன்.

‘அறந்தாங்கி மாமா காலமாகிவிட்டார். மகேஸ்வரி வீட்டிலும் ஒரு சாவு. இன்று லேப் திறக்கவில்லை’ என்று அனுப்பிவிட்டு, ராஜேந்திரனின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

குன்றாண்டார்கோவில் ரோட்டில் திரும்பும்போது கேட்டேன்.

“வண்டியில பாம்பு இல்லையே ராஜேந்திரன்?”

“இன்னிக்கு அது லீவு சார்” என்றார். சொன்ன அவரும் சிரிக்கவில்லை, கேட்ட நானும்.

நாங்கள் போனபோது மணியை ஊர்ப் பொது இடத்தில் பந்தல் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் சந்தனம், கொம்பில் மல்லிகை, உடம்பு முழுக்க வேட்டியும் துண்டும். அடித்து வைத்த பிளெக்ஸ் பேனரில் திமிலை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பக்கத்து ஊர்களில் காளை வளர்ப்பவர்கள் வரிசையாக வந்து மாலை போட்டார்கள். இவர்களும் எங்கோ வேலை பார்ப்பவர்கள்தானே? இவர்களெல்லாம் தங்கள் மேனேஜர்களிடம் என்ன சொல்லிவிட்டு வந்திருப்பார்கள்?

மகேஸ்வரியின் அண்ணன் கிணற்றைக் காட்டினார். தைலமரக் காட்டின் ஓரம். “கெணறு இருக்கறதே தெரியாத மாதிரி புல்லு மூடிக் கெடக்குங்க. நேத்துக் காலையில மாடு கத்துன சத்தம் கேட்டுச்சுன்னு ஆடு மேய்க்கிறவங்க இப்பத்தான் சொல்றாங்க. நாங்க கண்மாய்ப் பக்கமே தேடிக்கிட்டிருந்தோம்... மத்தியானம் தங்கச்சி வந்து கத்திக் கூப்பிட்டுச்சு. அப்ப சத்தம் இல்லைங்க.”

நேற்றுக் காலையில். மகேஸ்வரி ஒரு பெரியவரின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்த நேரம்.

மகேஸ்வரி மணியின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். கையில் செல்போன். வீடியோவில் கணவர். பின்னால் வெள்ளை டைல்ஸும் ஒரு தண்ணீர்க் குழாயும் தெரிந்தன. என்னைப் பார்த்ததும் போனைத் திருப்பிக் காட்டினார்.

“வணக்கம் சார்” என்றார் அவர், குரலை அடக்கிக்கொண்டு. “டூட்டில இருக்கேன் சார். வயிறு சரியில்லைன்னு சொல்லிட்டு பாத்ரூம்ல நின்னு பார்க்குறேன். அதுக்கு மேல என்னா சொல்றதுன்னு தெரியலை.”

யாரோ கதவைத் தட்டினார்கள். “வாரேன், வாரேன்” என்று இந்தியில் சொன்னார். “கொஞ்சம் கிட்ட காட்டு மகேசு” என்று தமிழில் சொன்னார். மகேஸ்வரி போனை மணியின் முகத்தருகே கொண்டுபோனார். மறுபடியும் கதவு தட்டப்பட்டது. திரை கறுப்பானது.

அப்புறம்தான் மகேஸ்வரி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க எதுக்கு சார் வந்தீங்க? லேபை யாரு பார்க்குறா?”

எத்தனை பேரை மடக்கியிருக்கிறேன்! எத்தனை கதை கட்டியிருக்கிறேன்! வாயில் வந்தது இதுதான்:

“வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிருச்சும்மா.”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நான் என்றால் கேட்டிருப்பேன்.

குழியில் இறக்கும்போது, மண் தள்ளும் வரை, அவர் ஒரு கையால் அதன் கொம்பைப் பிடித்திருந்தார். பெண்கள் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

திரும்பி வரும்போது மெயின் ரோட்டில்தான் டவர் கிடைத்தது. டாக்டரின் பதில் காத்திருந்தது. அதை அப்படியே இங்கே எழுதுகிறேன். டாக்டர் தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியம்தான்.

‘மாமா மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். பாவம், எவ்வளவு நாள் போராடினார்! நீங்கள் நாளைக்கும் லீவு எடுத்துக்கொள்ளுங்கள், சம்பளம் பிடிக்க மாட்டேன். ஆனால் மகேஸ்வரி வீட்டில் சாவு என்பதை மட்டும் கொஞ்சம் விசாரிக்கவும். நம்புகிற மாதிரி இல்லை.’

விசாரித்துவிட்டேன் டாக்டர். மகேஸ்வரி வீட்டுச் சாவு நிஜம். என் மாமாதான் இன்னும் உயிரோடு இருக்கிறார்.