மிளகு தட்டிய போர்த்தடி

டெக்சஸ் மாநிலத்தின் சுகர் லேண்டில் கோபாலசாமியின் வீட்டுக்கு வருகிறவர்கள் ஹால் சுவரைப் பார்த்ததும் ஒரே ஜோக்கைத்தான் அடிப்பார்கள். "என்ன அங்கிள், ஆஞ்சநேயர் கதாயுதமெல்லாம் மாட்டி வச்சிருக்கீங்க?" அவர் சிரிக்க மாட்டார். அவை சூ என்னும் அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் போர்த்தடிகள், மொத்தம் ஒன்பது, ஒவ்வொன்றும் நூறு வயதைத் தாண்டியது என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார். இப்போது அந்த ஜோக்கை அடிக்கக்கூட ஆள் வருவதில்லை.

எண்ணெய்க் கம்பெனியில் முப்பது வருஷம் குழாய்த் துருவைப் பார்த்துப் பார்த்து ரிப்போர்ட் எழுதிய மனிதர். டல்லாஸில் ஒரு பழம்பொருள் சந்தையில், ஆணியும் இல்லாமல் பசையும் இல்லாமல் கல்லும் மரமும் ஒன்றாக நிற்கும் ஒரு தடியைக் கையில் எடுத்தார். அன்றே அதன் நேர்த்தியில் விழுந்துவிட்டார். இரண்டு முனையும் கூரான முட்டை வடிவக் கல், அதன் இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம். காட்டெருமைத் தோலை ஈரத்தோடு இழுத்து அந்தப் பள்ளத்தையும் கைப்பிடியையும் சேர்த்துப் போர்த்தி, விலங்கின் நரம்பால் தைத்துவிடுவார்கள். காயக் காயத் தோல் சுருங்கிக் கல்லைக் கவ்விக்கொள்ளும். நூற்று முப்பது வருஷமாகியும் அந்தப் பிடி தளரவில்லை.

இதை அவர் சொல்லாத ஆள் இல்லை. காது கொடுத்துக் கேட்ட ஆள்தான் இல்லை என்பது அவருடைய நிரந்தரக் குறை. மகள் யாமினி ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். மனைவி அபயாம்பாள் கீரை ஆய்ந்தபடி 'ம்' கொட்டுவாள். அந்த 'ம்'மை அவர் கணக்கில் சேர்த்ததே கிடையாது.

2021 பிப்ரவரியில் டெக்சஸே உறைந்துபோய் மூன்று நாள் கரண்ட் இல்லை. கோபாலசாமிக்கு நெஞ்சுக் கட்டோடு இருமல். கேஸ் அடுப்பு எரிந்தது, மிக்ஸி ஓடவில்லை. வீட்டிலிருந்த குட்டி உரலை யாமினி முந்தின வருஷமே கலிபோர்னியாவில் தன் மில்பிடாஸ் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். இவருக்கு மிளகு ரசம் கொடுத்தே தீருவது என்று அபயாம்பாள் சுவரிலிருந்து ஒரு தடியை இறக்கினாள். தட்டுகிற சத்தம் கேட்டு மனிதர் போர்வையோடு ஓடிவந்தார்.

"அறிவிருக்கா உனக்கு? இது போனா இன்னொண்ணு கிடைக்காது, தெரியுமா?"

அவள் தடியை மெல்லக் கீழே வைத்தாள். "நான் போனா?"

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி மனிதர், தையல் விட்டிருக்கிறதா என்று தடியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரசம் வந்தது. குடித்தார். இருமலும் நின்றது.

ஏப்ரலில் யாமினிக்குப் பிரசவம் பார்க்க, மூன்று மாதம் என்று சொல்லி அபயாம்பாள் மில்பிடாஸ் போனாள். மூன்று மாதம் மூன்று வருஷமானது. சண்டை என்று ஒன்றுமில்லை. பேரனை டேகேரில் விட மனசில்லை என்றாள், அவ்வளவுதான். ஞாயிறுதோறும் வீடியோ காலில் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள். திரும்பி வா என்று அவரும் கேட்கவில்லை. அவள் கேட்டதற்கே பதில் பாக்கியிருக்கும்போது எந்த முகத்தோடு கேட்பது?

2024 ஜூலையில் புயல் அடித்து மறுபடியும் கரண்ட் போனது. நாலாம் நாள் மத்தியானம், வேர்வையும் இருமலுமாகப் புளியைக் கரைத்து அடுப்பில் வைத்துவிட்டு, கையில் மிளகோடு நின்றார். மிக்ஸியைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அதே தடியை இறக்கி, மிளகைச் சமையல் மேடைமேல் வைத்து நாலு தட்டு தட்டினார். மிளகு தெறித்துத் தரையெல்லாம் ஓடியது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தப் பெரிய வீட்டில் தாங்க முடியாத தனிமையாக இருந்தது. காரில் சார்ஜ் போட்டு வைத்திருந்த போனை எடுத்தார்.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டியே, நான் போனான்னு. கிடைக்காது, அபயம். அப்பவே சொல்லியிருக்கணும்."

அந்தப் பக்கம் பேரன் பார்க்கும் கார்ட்டூனின் சத்தம் குறைந்தது. இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னார்.

"அப்படியே வச்சா தட்டினீங்க? மிளகை ஜிப்லாக் பையில போட்டு, கல்லுக்கு டவல் சுத்திக்கணும். நான் அன்னைக்கு அப்படித்தானே செஞ்சேன். தோல்ல ஈரம் பட்டா இளகிடும், நரம்புத் தையல் விட்டுடும்னு இருபது வருஷமா நீங்கதானே சொன்னீங்க."

அன்று மேடைமேல் ஒரு டவல் கிடந்தது அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பேரன் ஆங்கிலத்தில் ஜூஸ் கேட்டு அழ, அப்புறம் பேசறேன் என்று அவள் வைத்துவிட்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

கேட்க ஆளில்லை என்று காலமெல்லாம் குறைப்பட்ட மனிதர், சமையலறைத் தரையில் உட்கார்ந்து மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.