மூன்று நாள் தண்ணீர்

கழிப்பறைத் தளத்தில் தண்ணீரை நிரப்பி மூன்று நாள் நிறுத்த வேண்டும். கீழே கசியவில்லை என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ் ஒட்டலாம். நாவலூரில் நான் சைட் மேனேஜராக நின்று கட்டிய தலைமை அலுவலகத்தில், அந்த மூன்று நாளை ஒரே நாளாக்கியவர் எங்கள் திட்ட இயக்குநர். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டதாம். மாடி மாடியாக ஏறித் தண்ணீரை வடிக்கச் சொன்னார். நானும் கூடவேதான் நின்றேன்.

விழாவுக்கு முன்பே வரவேற்பறைக் கூரை கசிந்தது. கூட்டத்தில் அவர் கூசாமல் பிளம்பிங் மேஸ்திரி மேல் பழியைப் போட்டார். எல்லோரும் பாய் என்று கூப்பிடும் அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். அன்று மாலையே பாயை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

இயக்குநர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. செம்பாக்கத்திலிருந்து பைக்கில் வரும் வழியெல்லாம் அவரைத் திட்டித் தீர்ப்பேன். நேரில் பார்த்தால் குட்மார்னிங் சார். அப்படியிருக்க, தனக்கு எந்த அறை நல்லது என்று என்னிடமே வந்து கேட்டார். நான்காம் மாடி மூலை அறை, ஜன்னலைத் திறந்தால் காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்று அளந்துவிட்டேன். அதற்கு நேர் மேலே கழிப்பறை என்பதைச் சொல்லவில்லை. வரைபடத்தை அவர் என்றைக்குப் பிரித்துப் பார்த்தார்?

மழைகூடத் தேவைப்படவில்லை. ஒரே மாதத்தில் அவர் நாற்காலிக்கு மேலே ஒழுக ஆரம்பித்தது. சட்டையில் சொட்டியது, வழுக்கையில் சொட்டியது. எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. யார் யாரோ வந்து உடைத்துப் பார்த்தும் ஒழுக்கு நிற்கவில்லை. எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரிந்தவர் பாய் ஒருவர்தான்.

போனில் பாய் கறாராகச் சொன்னார்: "அவரே வூட்டாண்ட வந்து கூப்புடட்டும் சார்."

கூட்டிக்கொண்டு போனேன். தாம்பரத்தில் பாய் வீட்டுச் சந்துக்குள் கார் நுழையாது. இயக்குநர் வேர்த்து விறுவிறுத்து நடந்தார். வாசலில் நின்று, தண்ணீரை வடிக்கச் சொன்னது தான்தான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் காது குளிரக் கேட்டேன். பாய் நாளைக்கு வருவதாகச் சொல்லி, முதலில் அவருக்கு டீ கொடுத்தார். அடுத்த கிளாசுக்கு நான் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன்.

பாய் கிளாசை விடவில்லை.

"அவரு மன்னிப்பு கேட்டுட்டாரு. நீங்க எப்போ சார் கேக்கப் போறீங்க?"