சுங்கத் துரையின் ஆறு பற்கள்

போன வாரம் இந்தப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பூனையைப் பற்றி நாலு வரி எழுதினேன். ஞாபகம் இருக்கிறதா? வேடிக்கையாக எழுதியதாக எனக்கு நினைப்பு. பத்திரிகை ராயபுரத்துக்கு வந்த மறுநாள் காலை, அந்த வேடிக்கை எங்கள் வாசலில் வந்து நின்றது — தலையில் மீன் கூடையோடு!

"இன்னா நைனா, நான் நாறுன மீன் விக்கிறேன்னு பேப்பர்ல எயுதிக்கிறியாமே?"

கன்னியம்மா. காசிமேட்டிலிருந்து எங்கள் தெருவுக்குத் தினமும் மீன் கொண்டுவருகிறவள்.

படிக்காதவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பூனையின் பெயர் சுங்கத் துரை. தெருவுக்குள் எந்தக் கூடை நுழைந்தாலும் மோந்து பார்க்காமல் விடமாட்டான். துறைமுகத்துச் சுங்க அதிகாரிகளின் அதே மிடுக்கு! கன்னியம்மா தெருமுனையில் கூடையை இறக்கி, ஒரு சின்ன மீனை அவன் முன்னால் போடுவாள். அவன் கவ்விக்கொண்டு போனால்தான் பெண்கள் சட்டியோடு வெளியே வருவார்கள். யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது. எங்கள் எட்டு வீட்டுக்கும் அதுதான் சட்டம்.

அப்படிப்பட்ட துரை, பத்து நாளாக மீனை மோந்து பார்க்கிறான்... வாயில் வைக்கிறான்... தலையை உதறித் துப்பிவிட்டுப் போய்விடுகிறான். பெண்களும் வெறும் சட்டியோடு உள்ளே போய்விட்டார்கள். நானாவது சும்மா இருந்திருக்கலாம். 'எங்கள் தெருவுக்கு வரும் மீன் இப்போது பூனைக்கே பிடிக்கவில்லை' என்று எழுதிவைத்தேன். பெயர் போடவில்லைதான். போடாவிட்டால் என்ன? எங்கள் தெருவுக்கு வருகிற மீன்காரி ஒருத்திதானே! வெற்றிலை பாக்குக் கடையில் யாரோ அதை உரக்கப் படித்திருக்கிறார்கள். அடுத்த தெருவிலும் அவளிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

"இருவது வருசமா மீன் போட்டுக்கினு கீறேன். ஒரு நாளு ஒரு பேச்சு கேட்டதில்ல. இப்ப எங்க போனாலும் 'பூனை துன்னாத மீனு'ன்றாங்க. எம் மானமே போச்சு நைனா!"

கோபமாகத்தான் ஆரம்பித்தாள். கடைசி வார்த்தை வருவதற்குள் கண் கலங்கிவிட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"எங்க அந்தத் துரை? இட்டா அத!" என்றாள்.

அடுப்பு மூலையில் சுருண்டு கிடந்தவனைத் தூக்கிவந்தேன். பிடரியைப் பிடித்தாள், இரண்டு விரலால் வாயைத் திறந்தாள். தினமும் நூறு மீனின் செவுளைத் திறந்து காட்டுகிற கை அல்லவா? அவ்வளவுதான்... குப்பென்று வந்தது ஒரு நாற்றம்! நானும் அவளும், சத்தம் கேட்டு வெளியே வந்திருந்த என் மனைவியும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

"அட கலீஜே! நாத்தம் எங்க கீதுன்னு இப்ப தெர்தா?" என்றாள் கன்னியம்மா.

ஈறெல்லாம் செக்கச் செவேலென்று வீங்கியிருந்தது. கடைவாய்ப் பற்களில் மஞ்சள் மஞ்சளாகக் காரை. ஒரு கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. பாவம், பசி இருக்கிறது. கடித்தால் உயிர் போகிறது. அதனால்தான் துப்பியிருக்கிறான்!

"பூனை பக்கத்துல வந்தாலே நாத்தம் அடிக்குன்னு நான் சொன்னம்லா? மீன் தின்ன வாய் அப்படித்தான்னு நீங்கதான சொன்னிய!" என்றாள் என் மனைவி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி; சமயம் பார்த்துத்தான் எடுத்துக்கொடுப்பாள்.

மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. சாக்குப் பையில் போட்டுப் பார்த்தேன். என் கை இரண்டும் ரத்தக் கோடு. கன்னியம்மா மீன் கூடையைக் காலி செய்து கீழே வைத்தாள். துரை தானே உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டான், ஆபீசுக்கு வந்த மாதிரி! ரிக்ஷாக்காரர்தான் வழியெல்லாம் மூக்கைச் சுளித்துக்கொண்டே இழுத்தார்.

அங்கே மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் நடுவில் எங்கள் கூடை. டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார்.

"எத்தனை மாசமா இப்படி?"

எனக்குத் தெரியவில்லை. தினமும் மடியில் படுக்கிற ஜீவனின் வாயை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.

"ஆறு பல்லை எடுத்தாகணும். மிச்சத்துல காரையைச் சுரண்டிவிட்டுடலாம்."

"பல்லப் புடுங்கிட்டா அது இன்னாத்த துன்னும் டாக்டரய்யா?" இதைக் கேட்டது நான் இல்லை, கன்னியம்மா. அவள் குரலில் கோபத்தைக் காணோம்.

"பல்லு இருந்து இப்ப என்னத்தைத் தின்னுதும்மா? வலி போனா தானா தின்னும். பூனை நம்மளை மாதிரி மென்னுக்கிட்டு இருக்காது. கொஞ்ச நாளைக்கு முள்ளில்லாம மெத்துன்னு குடுங்க."

மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். விழிப்பானா? துவண்டு போய்த் திரும்பி வந்தான். ஆனால் வால் நுனி ஆடியது. அப்பாடா! கன்னியம்மா மட்டும் நகரவில்லை.

"அந்தப் பல்ல இப்டி குடு, டாக்டரய்யா."

ஆறையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். தெருவுக்கு வந்ததும் வீடு வீடாக ஏறினாள். "பாரு தாயி, நல்லா பாரு! நாறினது இதான்!" மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினவர்களையும் விடவில்லை.

எங்கள் தெருப் பெண்கள் லேசில் மசிகிறவர்களா? "துரை தின்னட்டும், அப்புறம் பாப்போம்" என்றுவிட்டார்கள். சட்டம் சட்டம்தானே!

மூன்று நாள் கஞ்சியிலும் பாலிலும் ஓடியது. நாலாம் நாள் காலை கன்னியம்மா வந்தாள். எட்டு வீட்டு வாசலிலும் ஆட்கள். கூடையிலிருந்து ஒரு கிழங்கா மீனை எடுத்து, தோலை உரித்து, ஒவ்வொரு முள்ளாகப் பார்த்துப் பார்த்து எடுத்து, வெள்ளைச் சதையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். துரை மோந்து பார்த்தான். கூடையை ஒரு சுற்றுச் சுற்றினான். திரும்பி வந்தான்...

தின்றான்! உள்ளங்கையைச் சுத்தமாக நக்கினான். போதாதென்று கூடைக்குள் தலையை விட்டான். தெருவே கைதட்டியது. பத்தே நிமிஷத்தில் கூடை காலி. எனக்கு ஒரு வால்கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

போன வருஷம் எனக்குக் கடைவாய்ப்பல் வலித்தபோது, குழம்பில் உப்பில்லை என்று ஒரு மாதம் மனைவியோடு சண்டை போட்டேன். இப்போது புத்தக விமர்சனம் எழுதுகிற நண்பர்களைப் பார்த்தாலே, 'எங்கே, வாயைக் கொஞ்சம் திறங்கள்' என்று கேட்கத் தோன்றுகிறது!

இதுவரை எழுதியதைக் கன்னியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எல்லாஞ் செரி நைனா. அன்னிக்கு பேர் போடாம மானத்த வாங்கினே. இன்னிக்கு பேர் போட்டுத் திருப்பிக் குடு" என்றாள்.

ஆகவே, ஆசிரியர் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டியது: ராயபுரம் கன்னியம்மாவின் மீன் நல்ல மீன், நாறியது என் பூனையின் வாய், அதற்கு அடுத்தபடி என் பேனா!