ஆரஞ்சுப் பழத்தில் தெரிந்த பிறை

நேற்று மத்தியானம் எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் டெஸ்க்குக்கு அடியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. திட்டத்தான் போனேன். ஆனால் அந்தத் தோல் வாசனை மூக்கில் ஏறியதும் பசுமலையில் பி.எட். படித்த நாட்களுக்குப் போய்விட்டேன். பையன் தப்பித்தான்.

எங்கள் கல்லூரியில் மைக்ரோ டீச்சிங் என்றொரு கூத்து உண்டு. ஒருவர் ஆசிரியராக நின்று சில நிமிடம் பாடம் நடத்த வேண்டும்; கூடப் படிப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். மீசை வைத்தவனெல்லாம் ஒன்றுக்குப் போக விரலைத் தூக்குவான். கல்யாணமான அக்காமார் பக்கத்திலிருப்பவளைக் கிள்ளிவிட்டுக் கமுக்கமாக இருப்பார்கள். நிஜப் பிள்ளைகள் இவ்வளவு படுத்துவதில்லை என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

எனக்கு அது ஆகவே ஆகாது. முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே ஒருமுறை பாதிப் பாடத்தில் இறங்கி ஓடியவன். வாடிப்பட்டியில் அப்பாவின் உரக்கடை காத்திருந்தது. "வாத்தியாரு வேலைக்கு வாயி வேணும்டா. ஒனக்கு அது எம்புட்டு இருக்குன்னு எனக்குத் தெரியாதா? கடைக்கு வந்துரு" என்பார். இந்த முறையும் சொதப்பினால் சாயங்காலமே பஸ் ஏறிவிடுவது என்று துணிமணியைக்கூடப் பையில் அடைத்துவிட்டேன். தொண்டை வறண்டால் ஆகும் என்று வழியில் ஓர் ஆரஞ்சு வாங்கிக்கொண்டேன்.

பாடம், நிலவின் பிறைகள். சார்ட்டை மாட்டிவிட்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். சமீமா அக்கா கை தூக்கினார். நகரத்துக்குள்ளிருந்து வருபவர், பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தானும் படிக்க வந்தவர். தமிழ்ப் பிரிவு. எங்கள் அறிவியல் குழுவில் அன்று ஆள் குறைந்ததால் மாணவியாக நடிக்கப் பிடித்து வந்திருந்தோம்.

"சார், நோம்புப் பெறை மேக்கால மட்டுந்தான் தெரியுது. அதும் கொஞ்ச நேரத்துல எறங்கிருது. ஏன் சார்?"

வம்புக் கேள்வி என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவர் முகம் தெரிந்தது. அது நடிப்பில்லை.

சார்ட்டில் பதில் இல்லை.  தொண்டையை நனைக்கலாம் என்று பைக்குள் கைவிட்டு ஆரஞ்சை எடுத்தேன். மேற்கு ஜன்னல் வழியே சாய்ந்த வெயில் விழுந்தது. பழத்தின் பாதி பளபளத்தது, மறுபாதி இருட்டு.

"அக்கா, இங்க வாங்க" என்றேன். மாணவியை அக்கா என்று கூப்பிட்டதை, மதிப்பெண் போடப் பின்னால் உட்கார்ந்திருந்த மேடம் குறித்துக்கொண்டார்.

"இதுதான் நெலா. உங்க தலைதான் பூமி." கையை நீட்டி, சூரியனுக்குச் சற்று இடப்பக்கமாகப் பழத்தைப் பிடிக்கச் சொன்னேன். விளிம்பில் ஒரு கீற்று மட்டும் ஒளிர்ந்தது. அசல் பிறை. நின்ற இடத்திலேயே இடப்பக்கமாக மெல்லச் சுற்றினார், கீற்று வளர்ந்தது. வெயிலுக்கு முதுகைக் காட்டிக் கையை உயர்த்தியபோது முழுப் பழமும் ஒளிர்ந்தது. வந்த வழியே திரும்பினார். மறுபடி கீற்று.

"அப்ப, பெறை சூரியன் கூடயேதான் நிக்கிது. அது எறங்குனா இதும் பின்னாடியே போயிருது." பழத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இம்புட்டு வருசமா மொட்டை மாடியில நின்னு தேடியிருக்கேனே தம்பி!"

ஒரு விஷயம் ஒரு முகத்துக்குள் வந்து சேர்வதை நான் அதுவரை பார்த்ததில்லை.  நேரம் முடிந்ததென்று மணி அடிக்க வேண்டியவன் மறந்துபோய் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நான் பேசிக்கொண்டே இருந்தேன், என்ன பேசினேன் என்று இன்றுவரை தெரியாது. வாடிப்பட்டி பஸ்ஸில் நான் ஏறவில்லை.

பிள்ளைகளுக்குக் காட்டவென்று அக்கா பழத்தை வாங்கிப் போனார். மறுநாள் கேட்டால், "வெளக்கு முன்னாடி சுத்திச் சுத்திப் பௌர்ணமி வரைக்கும் பாத்தாளுக, அப்புறம் உரிச்சுத் தின்னுட்டாளுக" என்றார்.

போன நோன்பு தொடங்குவதற்கு முந்தின சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவரும் இப்போது ஆசிரியை. மொட்டை மாடிக்கு ஏறினால் மேற்கே வானமே இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடுக்குமாடி. பிறை தெரிந்துவிட்டதாகப் போனில் செய்தி வந்தது என்று கீழேயிருந்து மகள் கத்தினாள். அக்கா போனைப் பார்க்கவில்லை. சூரியன் இறங்கியிருக்கும் இடத்தை மனதுக்குள் கணக்குப் பண்ணி, அதற்குச் சற்று மேலே விரலை நீட்டினார்.

"அந்தா, அந்தச் செவுத்துக்குப் பின்னாலதான் நிக்கிது தம்பி."

அவர் முக்காடும் என் துண்டும் காற்றில் பறக்க, இருவரும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.