நான் எடுத்துக் கொடுக்காத வசனம்

வாரத்துக்கு ஒரு கொலை செய்து பிழைக்கிறவன் நான். காகிதத்தில்தான். இருபத்திரண்டு வருடமாகப் பத்திரிகைத் தொடர்களில் ஆட்களைக் கடத்தியிருக்கிறேன், பூட்டி வைத்திருக்கிறேன், கிணற்றில் தள்ளியிருக்கிறேன். அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் உங்கள்மேல் தப்பில்லை. ஆனால் இதில் ஒரு வரிகூட நான் ஜோடித்ததில்லை. அன்று மேடைக்கு முன்னால் நானூறு பேர் இருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது. ஒலிப்பதிவும் இருக்கிறது. அதை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். இன்னொரு தடவை கேட்க மாட்டேன்.

பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவில், ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். கோயில் திருவிழாவின் ஒன்பதாம் நாள் நாடகம் போடுவோம். கேரளாவில் இருந்தாலும் நாடகம் தமிழில்தான். எழுதுவது நான். மேடையோரத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பதும் நான்.

எங்கள் நடிகர்கள் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. அப்பா வேஷம் போட்ட டெல்வின் ஆட்டோ ஓட்டுகிறான். கொள்ளைக்காரத் தலைவன் ரெனில் கடலுக்குப் போகிறவன். அம்மா வேஷத்துக்கு பிரிஜித், தையல்காரி. பகல் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவர்களுக்குப் படிக்க ஏது நேரம்? திரைக்குப் பின்னால் இருந்து என்ன வருகிறதோ, அதை அப்படியே சொல்வார்கள். ஒரு வருடம் எனக்குத் தும்மல் வந்தது. மேடையில் டெல்வினும் தும்மினான். கைதட்டல் வேறு!

இந்த வருட நாடகம் இதுதான். ஒரு வீடு. ஒரு ராத்திரி. மூன்று கொள்ளைக்காரர்கள் உள்ளே நுழைந்து குடும்பத்தையே பணயமாகப் பிடித்து வைக்கிறார்கள். சின்ன மகளை மட்டும் அறைக்குள் தள்ளித் தாழ் போடுகிறார்கள். “திறந்தா சுட்டுருவேன்.” மகள் உள்ளிருந்து கதவைத் தட்டுகிறாள். தாழ்ப்பாளுக்கு ஒரு கை தூரத்தில் அம்மா நிற்கிறாள். திறக்க முடியாது.

மகளாக நடித்தது பிரிஜித்தின் சொந்த மகள் ஜினி. ஒன்பது வயது. இழுப்பு உள்ள பிள்ளை. பள்ளிக்கூடப் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும்.

நாடகமே அந்தக் கதவை நம்பித்தான் இருந்தது. அட்டைக் கதவு வைத்தால் ஜனங்கள் சிரிப்பார்கள். அமரவிளைப் பக்கம், இடித்த வீடுகளின் கதவும் ஜன்னலும் விற்கிற சிவதாணுவின் கடைக்குப் போனோம். மூலையில் ஒரு பலாமரக் கதவு. பெரிய இரும்புத் தாழ்ப்பாள்.

“எந்த வீட்டுக்க கதவு அண்ணே?” என்று கேட்டான் டெல்வின்.

“கிழக்க, ரப்பர் தோட்டத்துக்குள்ள ஒரு வீடு. போன மாசமாக்கும் பொளிச்சது.” சிவதாணு கதவைப் பார்க்காமலே பேசினார். “நாடகத்துக்குத்தானே? வீட்டுல மாட்ட இல்லியே?”

“வீட்டுல மாட்டினா என்ன?”

“ஒண்ணும் இல்ல மக்கா. சும்மா கேட்டேன்.”

அந்த வீட்டில் தாழ்ப்பாள் அறைக்கு உட்பக்கம் இருந்திருக்கிறது. எங்களுக்கு அது ஜனங்களின் கண்ணில் பட வேண்டும். அதனால் கதவைத் திருப்பி மாட்டினோம். உட்பக்கம் மேடைக்கு. வெளிப்பக்கம் மேடைக்குப் பின்னால்.

இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கதவு வந்த பிறகு நடந்த முதல் ஒத்திகை. சாயங்காலம் 6:40. பிரிஜித் கதவுமுன் நின்றாள். ‘மகளே, பயப்படாதே’ என்று எடுத்துக் கொடுத்தேன். அவள் என் வாயைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு கதவில் காதை வைத்து, மெதுவாகச் சொன்னாள்.

“அவனுவ போயாச்சா?”

நான் நோட்டைப் புரட்டினேன். அப்படி ஒரு வரியே இல்லை.

“பிரிஜித்... இது எங்கே இருந்து வந்தது?”

“சாறு சொன்னதுதானே!” ‘சார்’ எங்கள் ஊர் வாயில் ‘சாறு’.

“நானா?”

“பின்ன ஆரு, பேயா?”

எல்லோரும் சிரித்தார்கள். “சாறுக்கு வயசாச்சு மக்கா,” என்றான் ரெனில். “எழுதினதும் மறந்து போச்சு, சொன்னதும் மறந்து போச்சு.”

நானும் சிரித்தேன். ஆனால் தொண்டை வறண்டிருந்தது. நெடுநேரம் பேசியவன் தொண்டைபோல. அன்று நான் பேசியது மொத்தமே பத்து வரிதான்.

இரண்டாவது விஷயம், தாழ்ப்பாள். ஒத்திகை முடிந்து ராத்திரி தாழ் போட்டுவிட்டுப் போவோம். காலையில் திறந்திருக்கும். முதல் நாள் டெல்வினைத் திட்டினேன். இரண்டாம் நாள் ரெனிலைத் திட்டினேன். மூன்றாம் நாள் நானே தாழ் போட்டு, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மூன்று முடிச்சுப் போட்டேன்.

மறுநாள் காலை 7:15. தாழ்ப்பாள் திறந்திருந்தது. கயிறு தரையில் கிடந்தது.

மூன்று முடிச்சும் அப்படியே இருந்தன.

“எலியாக்கும்,” என்றான் ரெனில்.

“எந்த எலிலே முடிச்ச அவுக்காம கயித்த எடுக்கும்?” என்றான் டெல்வின்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

திருவிழாவின் ஒன்பதாம் நாள் ராத்திரி 8:30க்கு நாடகம் தொடங்கியது. லேசான தூறல். கதவுக்குப் பின்னால் பிளைவுட் தட்டிகளால் ஒரு சின்ன அறை. ஜினி ஒன்பது தடவை தட்ட வேண்டும். ஒன்பதாவது தட்டு முடிந்ததும், அறையின் பின்பக்க இடைவெளி வழியாக வெளியே போய்விட வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை.

9:38. கரன்ட் போனது. பின்னால் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. ஒரு நிமிடத்தில் விளக்குகள் வந்தன. டீசல் வாடை. திருவிழா மேடையில் அது புதிதில்லை.

9:41. ரெனில் ஜினியை அறைக்குள் தள்ளித் தாழ் போட்டான். டக்கென்று இரும்புச் சத்தம். பிள்ளைகள் சிலர் முன்வரிசையில் அழுதே விட்டார்கள்.

தட்டல் தொடங்கியது.

டொக்... டொக்... டொக்.

நான் நோட்டில் விரலை வைத்து எண்ணினேன். ஏழு. எட்டு. ஒன்பது.

நின்றது. ஜினி வெளியே போயிருப்பாள். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

டொக்.

பத்து.

விரல் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

டொக்... டொக்...

பதினொன்று. பன்னிரண்டு. இப்போது ஒழுங்கில்லை. உள்ளங்கையால் தட்டுவதுபோல. பிறகு நகத்தால் சுரண்டுவதுபோல.

உள்ளே யாருமில்லை. ஜினி போய்விட்டாள். அப்படியானால் தட்டுவது யார்?

“என்னமா நடிக்குது புள்ள!” என்று ஜனக்கூட்டத்தில் ஒரு குரல்.

ரெனில் திரும்பி என்னைப் பார்த்தான். டெல்வின் பார்த்தான். வசனத்துக்காக.

என்னால் வாய் திறக்க முடியவில்லை. நோட்டை மூடினேன். இதை அழுத்திச் சொல்கிறேன். நோட்டை மூடினேன். வாயை மூடினேன். பல்லைக்கூடக் கடித்துக்கொண்டேன்.

9:46.

பிரிஜித் என் பக்கம் திரும்பினாள். என் வாயையே பார்த்தாள்.

கவனமாக... கேட்பதுபோல.

தலையாட்டினாள்.

கதவை நோக்கி நடந்தாள்.

“நில்லு! சுட்டுருவேன்!” ரெனில் எப்படியோ சமாளித்தான்.

“சுடு,” என்றாள் பிரிஜித். “இந்தத் தடவ நான் திறப்பேன்.”

நான் எழுதாத வரி.

தாழ்ப்பாளை இழுத்தாள்.

9:47.

முதலில் புகை வந்தது. கறுப்பாக. பிறகு ஜினி. நடந்து வரவில்லை. சாய்ந்து விழுந்தாள். உதடு நீலம். விரல் நுனியெல்லாம் ரத்தம்.

நானூறு பேரும் கைதட்டினார்கள்.

“சாறே! எனக்க புள்ள மூச்சு விடல்ல சாறே!”

அப்போதுதான் கைதட்டல் நின்றது.

தூறலுக்குப் பயந்து யாரோ பின்பக்க இடைவெளியைத் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தார்ப்பாய்க்கு உள்பக்கம், இடைவெளியை ஒட்டி, நனையாமல் இருக்கட்டும் என்று ஜெனரேட்டர். புகை முழுவதும் அந்தச் சின்ன அறைக்குள். ஜினி வெளியே போகவே இல்லை. நான் பேய் என்று நினைத்து உறைந்துபோன தட்டல்... அந்தப் பிள்ளையின் தட்டல். கத்தக்கூட மூச்சில்லாமல் அவள் தட்டியிருக்கிறாள்.

டெல்வின் ஒட்டு மீசையைக்கூடப் பிய்க்காமல் ஆட்டோவை எடுத்தான். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி. ஆக்சிஜன். 11:20க்கு ஜினி கண்ணைத் திறந்து, “அம்மா, நான் ஒம்பதுக்கு மேல தட்டினதுக்கு சாறு ஏசுவாரா?” என்று கேட்டாள். பிரிஜித் அழுதுகொண்டே சிரித்தாள்.

இன்னும் இரண்டு நிமிடம் ஆகியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

பிரிஜித் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “சாறு மட்டும் திறக்கச் சொல்லல்லேன்னா...”

“நான் எதுவும் சொல்லவில்லை பிரிஜித்.”

“சும்மா இரிங்க சாறே. எனக்க கண்ணு முன்னாலயாக்கும் சொன்னது.”

நான் டெல்வினைப் பார்த்தேன். “எனக்கும் கேட்டுதே,” என்றான்.

மறுநாள் காலை 10:05க்கு அனூஜ் கூப்பிட்டான். மைக் செட்காரன். மேடைக்கு மேலே தொங்கவிட்டிருந்த மைக்குகளில் ஒன்று என் தலைக்கு நேர் மேலே இருந்தது. நாடகம் முழுக்க அதில் பதிவாகியிருந்தது.

“சாறே, இந்த எடத்த மட்டும் கேளுங்க.” ஹெட்போனைக் கொடுத்தான்.

டொக்... டொக். தட்டல். ஜெனரேட்டர் சத்தம். பிறகு, மைக்குக்கு மிக அருகில்...

என் குரல்.

என் குரலேதான். என் கரகரப்பு. என் இருமல்.

“திற... திற மோளே. அவனுவ இல்ல. அவனுவ எப்பவோ போயாச்சு. அது நம்ம அஸ்வதியாக்கும். திற. சுட்டா சுடட்டும். இந்தத் தடவ நான் திறப்பேன்னு சொல்லு.”

ஹெட்போனைக் கழற்றி அவனிடமே கொடுத்தேன்.

எங்கள் நாடகத்தில் அஸ்வதி என்று யாரும் இல்லை. ஊரில் எனக்குத் தெரிந்தும் இல்லை.

அன்று சாயங்காலமே கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றி சிவதாணுவின் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

“அஸ்வதி யாரு?”

அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

“ஏழு வருஷம் ஆச்சு. அந்த வீட்டுக்கு மூணு கள்ளனுவ வந்தானுவ. வீட்டுக்காரன் கல்ஃபில. அவனுக்க பெண்டாட்டி சரசம்மா சின்னப் பயல எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள ஓடித் தாழ் போட்டுட்டா. மூத்தது அஸ்வதி. அடுக்களையில நின்னுது. அது வந்து கதவத் தட்டிச்சு. கள்ளனுவதான் புள்ளைய வச்சுத் தட்ட வைக்கியானுவன்னு இவ நெனச்சா. திறக்கல்ல.”

“அவங்க...”

“அவனுவ பத்து நிமிஷத்துல போயாச்சு சாறே. புள்ள மட்டும் நின்னு தட்டியிருக்கு. அதுக்கு இழுப்பு உண்டு. மருந்து ரூமுக்குள்ள. ரப்பர் வெட்டப் போன மோகனன் விடியக்காலம் நாலு பத்துக்குத் தட்டிய சத்தம் கேட்டிருக்கான். வீட்டுல என்னமோ பணி நடக்குதுன்னு நெனச்சுப் போயிட்டான். அதுக்குப் பொறவு ஆரும் கேக்கல்ல. விடிஞ்ச பொறவுதான் சரசம்மா திறந்தா. புள்ள உயிரோட இல்ல.”

திருப்பி மாட்டிய கதவு. தாழ்ப்பாள் பக்கம் தாய். மறுபக்கம் பிள்ளை. அந்த ராத்திரியை நாங்களே அச்சு மாறாமல் மேடையில் ஏற்றியிருக்கிறோம்.

“சரசம்மா இப்போ எங்கே?”

“ஆறு மாசம் முன்ன செத்துப் போயிட்டா. அதுகொண்டுதானே வீட்டப் பொளிச்சது. அன்னைக்குப் பொறவு அவ பேசவே இல்ல கேட்டியா? ஆறு வருஷத்துக்கு மேல. கதவுக்க முன்னால இருந்து வாய மட்டும் அசைச்சுட்டே இருப்பா. என்னமோ சொல்லுவா. சத்தம் வராது.”

சத்தம் இல்லாத ஒருத்தி. அடுத்தவருக்குச் சத்தம் கொடுக்கிற ஒருவன். நான் வண்டியில் போய் உட்கார்ந்தேன்.

ஜினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பிரிஜித் என்னைக் கண்டால் கும்பிடுகிறாள். அந்தக் கும்பிடு எனக்குரியதில்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்க மாட்டேன் என்கிறாள். கதவு இன்னும் சிவதாணுவின் கடையில்தான் சாய்ந்திருக்கிறது. அவர் அதற்குத் தாழ் போடுவதில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

நேற்றுக் காலை, என் மனைவி ஷிஜா காப்பியை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணு கேக்கட்டா? திருவிழா முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. நாடகமும் முடிஞ்சுது...”

“ஆமா. அதுக்கென்ன?”

“பின்ன எதுக்காக்கும் தெனமும் நாலு பத்துக்கு எழும்பி, கதவுக்க முன்னால இருந்து வசனம் எடுத்துக் குடுக்கியது?”

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

தொண்டை வறண்டிருந்தது.