ஒருவரைத் தவிர

ஊருக்கெல்லாம் அவர் வெண்கலம். நகரசபைக் கூட்டத்தில் மைக் மக்கர் பண்ணுகிற நாளில் மற்ற உறுப்பினர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் மட்டும் எழுந்து பேசுவார். வெளியே வாசலில் நிற்கிற காவலாளிக்குக்கூட ஒரு வார்த்தை தப்பாமல் கேட்கும். வெண்கலத் தொண்டை என்று ஆரம்பித்த பெயர், கூப்பிட வசதியாகத் தொண்டையை இழந்து வெண்கலமாக நின்றுவிட்டது.

வீட்டில் கதையே வேறு. "ஊருக்குப் பேச ஒரு வாய் வெச்சிருக்கார். வீட்டுக்குன்னு இன்னொண்ணு வாங்கித்தான் மாட்டணும்" என்பாள் அவர் மனைவி. தெருவுக்கு அவள் தையல்காரி. கவுன்சிலர் மனைவி என்று யாராவது சொன்னால், "அது அவர் பார்க்கிற வேலை. என் வேலை ஜாக்கெட் தைக்கிறது" என்று நறுக்கென்று சொல்லிவிடுவாள். கத்தரிக்கோலும் நாக்கும் ஒரே பட்டறையில் சாணை பிடித்தவள்.

அவள் தையலுக்கு வந்தது பிற்பாடு. அதற்கு முன்னால் அவர்கள் பாட்டில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தார்கள். அங்கே அவருக்கு விளக்குக்கு முன்னால் வேலை. சூளையிலிருந்து வந்து ஆறிய பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக ஓடிவரும். பின்னால் எரிகிற வெள்ளை வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் பார்த்து, விரிசலோ குமிழியோ இருந்தால் கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தொட்டியில் போட வேண்டும். வேலை முடிந்து வரும்போது கண் இரண்டும் கோவைப்பழமாக இருக்கும். அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. தண்ணீர் கொடுத்தால் டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார், எவர்சில்வர் டம்ளராக இருந்தாலும்.

ஒருநாள் பாட்டில் வெடித்து, அடுக்குகிற பெண்ணொருத்தியின் உள்ளங்கை கிழிந்தது. துணியைச் சுற்றி, அன்றைய கூலியையும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இவர் எழுந்து, "பெல்ட்டை நிறுத்துங்கடா!" என்று கத்தினார். பெல்ட் நின்றது. தனக்குள் இப்படி ஒரு தொண்டை இருப்பது அன்றுதான் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். சங்கம் அங்கே பிறந்தது. அவர் செயலாளர். தலைவர், பக்கத்து வீட்டு ஃபிட்டர்.

ஃபிட்டர் பேச மாட்டார். கெட்டுப்போன எந்த இயந்திரத்தையும் தொட்டுப் பார்த்தே நோவு சொல்லிவிடுவார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து ஃபிட்டர் மனைவி, "என்ன, தீப்பெட்டியா?" என்பாள். ஃபிட்டர் இவளுக்கு அண்ணன், அவர் மனைவி அண்ணி. எந்த உறவிலும் பிறக்காத முறை. ஆனால் கூடப்பிறந்தவன் வீட்டில்கூட அவள் அத்தனை உரிமையோடு அடுப்பைத் தொட்டதில்லை.

பிறகு அந்தப் பெரிய வேலைநிறுத்தம். சூளை அணைந்தால் உள்ளே கண்ணாடி உறைந்து சூளையே பாழாகிவிடும். ஆகவே அதைக் காக்கச் சிலரைச் சங்கமே உள்ளே அனுப்பியது. "முதலாளி மேலதான் நமக்குக் கோவம். சூளை என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார் வெண்கலம். மழைக்காலம் வந்து போனது. அடகு வைக்க எதுவும் இல்லாத வீடுகளில் குழந்தைகள் வெறும் நீராகாரத்தைக் குடித்துவிட்டுப் படுத்தன. ஒருநாள் சாயங்காலம், பேச்சுவார்த்தை முடிந்தது, எல்லாரும் கேட்டுக்கு வாருங்கள் என்று ஆள் வந்தது.

எப்போதும் வெண்கலம் ஏறுகிற மரப்பெட்டியில் அன்று ஃபிட்டர் ஏறினார். வெண்கலம் கீழே நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்ட கூலி குடுக்கறாங்க. நாளைக்கே எல்லாரையும் உள்ள எடுத்துக்கறாங்க." ஃபிட்டர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஒருத்தரைத் தவிர."

யார் என்று அவர் சொல்லவில்லை. கூட்டம் தானாகத் திரும்பி வெண்கலத்தைப் பார்த்தது. பெண்கள் நடுவில் நின்ற மனைவி ஃபிட்டரைப் பார்த்தாள். அவர் கண்கள் அவளிடம் வந்து, தொட்டதும் சுட்டதுபோல் விலகிப் போயின. அவளுக்கு அது போதும். திருடன் முழிதான் அது என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "உங்க உயிர்க் கூட்டாளி உங்களை வித்துட்டு வந்திருக்காரே, நீங்க கல்லு மாதிரி நிக்கறீங்க?"

"விடு" என்றார் அவர்.

நகரத்தையே எழுப்புகிற தொண்டையிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள்? மீதியை அவளே இட்டு நிரப்பிக்கொண்டாள்.

வேலை போனதும் வீடும் போனது. நகரத்தின் மறுகோடியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. தையல் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். நர்ஸ் ஆகப்போகிறேன் என்று பொம்மைக்கெல்லாம் கட்டுப் போட்டு விளையாடிய மகள், பள்ளியை விட்டுவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்தாள். அந்தப் பெண் ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. அதைத்தான் தாயால் தாங்க முடியவில்லை.

குடிவந்த சில நாளில் ஃபிட்டர் வந்தார். அவசரத்தில் விட்டுவந்த அவளுடைய பழைய மேஜையைத் தலையில் சுமந்து, பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொன்னதால் நடந்தே வந்திருந்தார். மேஜையை வாசலில் இறக்கிவிட்டு, "தங்கச்சி, ஒரு கால் ஆடிக்கிட்டு இருந்துச்சில்ல, சரி பண்ணிட்டேன்" என்றார்.

அவள் நிலைப்படியை விட்டு நகரவில்லை. "தங்கச்சியா? எங்க சோத்துல மண்ணை அள்ளிப் போட்டவருக்கு நான் என்ன முறை? உங்க வேலை பத்திரமா இருக்கில்ல ஃபிட்டரே? வீடு பத்திரமா இருக்கில்ல? நல்லா இருங்க. இந்தப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க."

அண்ணன் ஃபிட்டராகிப் போன அந்த இடத்தில் அவர் முகம் செத்துப்போனது. அவர் தலை அவளைத் தாண்டி அறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தது. உள்ளே வெண்கலம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு ஃபிட்டர் வெயிலில் நடந்தார். குடிக்கத் தண்ணீர்கூட அவள் கொடுக்கவில்லை.

மேஜை அதற்குப் பிறகு ஆடவே இல்லை. குற்ற மனசு, அதனால்தான் இவ்வளவு கச்சிதமாகப் பண்ணியிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே அதன்மேல் வாழ்நாளெல்லாம் துணி வெட்டினாள்.

வெண்கலத்தின் அரசியல் அந்தத் தகரக் கூரையின் கீழ்தான் தொடங்கியது. குழாயில் தண்ணீர் வராத தெருவுக்காகக் கத்தப் போனவரை, தெருவே சேர்ந்து ஒரு கட்சியில் சீட்டு வாங்கித் தேர்தலில் நிறுத்தியது. ஜெயித்தார். சட்டையை மாற்றவில்லை, வீட்டை மட்டும் ஓடு போட்டதாக மாற்றினார், அதுவும் வாடகைதான். தெரு பெருக்குகிறவர்களைத் தினக்கூலியிலிருந்து மாதச் சம்பளத்துக்குக் கொண்டுவந்தது அவர்தான். அதற்காகச் சொந்தக் கட்சியையே எதிர்த்து ஓட்டுப் போட்டார், அடுத்த தேர்தலில் கட்சி சீட்டைப் பிடுங்கிக்கொண்டது, தனியாக நின்று மறுபடி ஜெயித்தார். காலையில் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். "எல்லாருக்கும் நியாயம் வாங்கித் தராரு, எங்களுக்கு நடந்த அநியாயத்தைக் கேக்க நாதியில்ல" என்று அவள் மெஷினை மிதித்துக்கொண்டே சொல்வாள். அவர் காதில் விழாததுபோல் இருப்பார். மயிரிழை விரிசலைப் பெல்ட் ஓடுகிற வேகத்தில் பிடித்த கண்ணுக்கு அவள் மனசு தெரியாமலா போயிருக்கும்? தெரிந்தும் பேசாமல் இருந்தார். கதை சொல்கிற எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

ஃபிட்டர் இறந்த செய்தி வந்தபோது அவர் மட்டும் போனார். திரும்பி வந்தவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"அந்த ஆளைப் பத்தின்னா வேண்டாம். செத்தவங்களைத் திட்ட எனக்கு இஷ்டமில்ல."

அவர் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். குடிக்காமலே கீழே வைத்துவிட்டார். அடுத்த கோடைக்குள் அவருக்கும் நெஞ்சு நின்றுபோனது.

நகரசபை மண்டபத்தில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். முதல் வரிசையில் அவளையும் மகளையும் உட்கார வைத்தார்கள். எதிரிகள்கூடப் புகழ்ந்தார்கள். செத்த பிறகு புகழக் காசா பணமா? கடைசியில் தடியை ஊன்றிக்கொண்டு ஒரு கிழவர் மேடை ஏறினார். பாட்டில் தொழிற்சாலையின் பழைய மேனேஜர்.

"அவர் இருந்தவரைக்கும் நான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தார். இனிமே சொல்லலாம்" என்றார். "நாங்க கேட்டது ஒன்பது பேரை. ஒன்பது பேரையும் வேலையை விட்டுத் தூக்கினாத்தான் கேட்டைத் திறப்போம்னு முதலாளி நின்னார். இவர்தான், ஒன்பது வேண்டாம், ஒண்ணு எடுத்துக்குங்க, நானே போறேன்னார். ஃபிட்டர் மேஜையில அடிச்சு அழுதார். என் பேரைப் போடுங்க, நான்தானே தலைவர்னார். இவர் கேக்கலை. நான்கூடச் சொன்னேன், அவசரப்படாதீங்க, வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கன்னு. கேட்டா என் வீட்டுக்காரி சரின்னுதான் சொல்லுவா, அதனால கேக்க வேண்டியதில்லைன்னார்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மகளும் அழுதுகொண்டே தட்டினாள். அவர் மனைவி ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள்.

சரி என்று சொல்லியிருப்பாளா? சொல்லியிருப்பாள். நாலு நாள் சண்டை போட்டு, பாத்திரத்தை உருட்டி, மகளைக் கட்டிக்கொண்டு அழுது, ஐந்தாம் நாள் சரி என்றிருப்பாள். அந்தச் சரியை அவளிடம் கேட்டு வாங்க அவருக்குத் துணிச்சல் இல்லை. போலீஸ் தடிக்குப் பயப்படாத மனுஷன் பெண்டாட்டியின் கேள்விக்குப் பயந்து, நண்பனைப் பலிகொடுத்துவிட்டார். அவளும் அவரை மனதாரத் திட்டியதில்லை, மனதாரப் பெருமைப்பட்டதும் இல்லை. இரண்டுமே அவளுக்குக் கிடைக்காமல் போய்விட்டது.

கூட்டம் முடியுமுன்பே கிளம்பிவிட்டாள். ஃபிட்டரின் மனைவி மகன் வீட்டில், மாடியில் இருந்தாள். கதவைத் திறந்தவளுக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது.

"அண்ணி" என்றாள் இவள்.

"யாருக்கு யார் அண்ணி? அந்த முறையை நீதான் உன் வாசல்லயே அறுத்துப் போட்டுட்டியே."

"எனக்குத் தெரியாது. சத்தியமா இன்னிக்குத்தான் தெரியும். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்ல வரேன்னுதான் நின்னேன். அவர் விடலை." ஃபிட்டரின் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டே பேசினாள். "'அவளுக்குக் கோவப்பட ஒரு ஆள் வேணும். உள்ள இருக்கற ஆள் மேல கோவப்பட்டா குடும்பம் என்னாகும்? வெளியில இருக்கற நானா இருந்துட்டுப் போறேன்'னார். அன்னிக்கு உன் வீட்டுலேருந்து வந்து, ஒரு சொம்புத் தண்ணியை ஒரே மூச்சுல குடிச்சார். அதுக்கப்புறம் உன்னைப் பத்தி ஒரு குறை சொன்னதில்ல. 'மேஜை ஆடுதா, ஆடலையான்னு யாராவது பார்த்துட்டு வந்து சொல்லுங்க'ன்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தார்."

"ஆடலை" என்றாள் இவள். "இன்னிக்கு வரைக்கும் ஆடலை அண்ணி." அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அண்ணன் போன அன்று அழாத அழுகையும் அதில் இருந்தது.

"அவர் இருந்தா உள்ள வாம்மான்னுதான் கூப்பிட்டிருப்பார்" என்றாள் ஃபிட்டரின் மனைவி. "எனக்கு அந்த மனசு இன்னும் வரலை. இன்னிக்குப் போயிடு."

கதவு மூடிக்கொண்டது, கோபமாக இல்லை, மெதுவாக.

வீட்டுக்கு வந்தவள் மாலை போட்ட படத்தின் முன்னால் நின்றாள். "கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். வழக்கம்போல் அவர் பேசவில்லை.

மறுநாள் காலை மெஷினுக்கு உறையைப் போட்டு மூடிவிட்டு, மறுபடி அந்த மாடிப்படி ஏறினாள். கதவைத் தட்டவில்லை. பழைய வீட்டில் தட்டுவதுபோல், பக்கத்துச் சுவரைத் தட்டினாள். உள்ளே காலடி வந்து கதவுக்குப் பின்னால் நின்றது. வெகுநேரம் நின்றது. இவளும் நின்றாள்.

"தீப்பெட்டியா?" என்று உள்ளேயிருந்து ஒரு உடைந்த குரல் கேட்டது.